சிப் என்ன விலை? வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கப்பலில் சமையல் வேலை பார்த்த மச்சான் 500 போக்கர் சிப் (சீட்டாட்டத்தில் காசுக்குப் பதிலாக வைக்கும் வில்லை) உள்ள அலுமினியப் பெட்டியைக் காட்டி 25,000 ரூபாய் கேட்கிறார். ஒவ்வொன்றும் 14 கிராமாம், கேசினோ (சூதாட்ட விடுதி) தரமாம். வாங்கலாமா? (பாம்பன்)

வேண்டாம். மச்சானைக் கோபிக்காதீர்கள், அவரும் ஏதோ துறைமுகக் கடையில் ஏமாந்திருப்பார். அந்த 14 கிராம்தான் காட்டிக்கொடுக்கிறது. அமெரிக்கக் கேசினோக்களின் களிமண் கலவைச் சிப் 39 மில்லிமீட்டர் அகலம், பெரும்பாலும் எட்டரை முதல் பத்து கிராம்தான் இருக்கும். கையில் கனமாகத் தெரியட்டும் என்று பிளாஸ்டிக்குக்குள் இரும்பு வில்லை வைத்து வார்ப்பதுதான் உங்கள் பெட்டியில் இருப்பது. பழைய ஸ்பீக்கர் காந்தத்தைக் கிட்டே கொண்டுபோங்கள், ஒட்டிக்கொள்ளும். இதே சரக்கு புதிதாகவே சில ஆயிரத்துக்குக் கிடைக்கும்போது ஒரு சிப்புக்கு 50 ரூபாய் எதற்கு? போதாததற்கு நம் உப்புக் காற்று வேறு. ஓரத்தில் மயிரிழை விரிசல் விட்டால் போதும், உள்ளே துருப்பிடித்துப் பழுப்புக் கோடு வெளியே வழியும். அப்படி வழிந்த ஒரு பெட்டி என் அலமாரியிலேயே இருக்கிறது. நானும் ஒரு காலத்தில் எடையைப் பார்த்து வாங்கியவன்தான்.

பேரன் லாஸ் வேகாஸிலிருந்து, மூடிப்போன கேசினோவின் 5 டாலர் சிப் பத்து கொண்டுவந்தான். ஓரத்தில் தொப்பியும் கைத்தடியும் அச்சாகியிருக்கிறது. என்ன பெறும்? (கீழக்கரை)

தொப்பியும் கைத்தடியும் பால்சன் கம்பெனியின் முத்திரை. செய்தது யார் என்பதற்குத்தான் அது சாட்சி, கேசினோவில் புழங்கியது என்பதற்கு அல்ல. வீட்டில் விளையாடவும் அதே அச்சில் அடித்து விற்றிருக்கிறார்கள். ஆகவே நடுவில் உள்ள வட்டத்தில் கேசினோவின் பெயரும் ஊரும் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கேசினோ மூடினால் கொஞ்ச காலம் சிப்பை வாங்கிக்கொண்டு பணம் தருவார்கள், பிறகு மிச்சத்தை அழித்துவிடுவார்கள். 1993இல் மூடிய டூன்ஸ், 1996இல் மூடிய சாண்ட்ஸ் எல்லாம் அப்படிப் போனவைதான். தப்பிப் பிழைத்தது எத்தனை என்பதுதான் விலையைத் தீர்மானிக்கும், மேலே போட்ட 5 டாலருக்கு அதில் பங்கில்லை. ஆன்லைனில் பார்ப்பதானால் விற்று முடிந்தவற்றின் விலையை மட்டும் பாருங்கள். கேட்கிற விலை ஆசை. வலம்புரிச் சங்கு என்று ஒருவன் ஐந்து லட்சம் சொல்வதில்லையா, அதுபோல. (அதிலும் பாதி, இயல்பாகவே அந்தப் பக்கம் சுழிக்கும் அமெரிக்கக் கடல் நத்தை ஓடு!)

பினாங்கில் கடை வைத்திருந்த தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் மீன் வடிவத்திலும் வட்டமாகவும் 63 பளபளப்பான வில்லைகள். இதுவும் சூதாட்டக் காசு என்கிறார்கள். சொந்தக்காரர் ஒருவர் 3,000 ரூபாய் தருகிறேன் என்கிறார். (தொண்டி)

கொடுக்காதீர்கள், கொஞ்சம் பொறுங்கள்! போக்கர் பிறப்பதற்கு முந்தைய சிப்பாக இருக்கலாம் அது. 18, 19ஆம் நூற்றாண்டுகளில் இங்கிலாந்துக் குடும்பங்கள் கேட்டபடி சீனத்துக் கான்டன் நகரில் முத்துச்சிப்பி ஓட்டில் செதுக்கி அனுப்புவார்கள். பிரெஞ்சில் இந்த வில்லைக்கு ‘ஃபிஷ்’ என்று பெயர். ஆங்கிலேயர் காதில் மீனாக விழுந்து மீனாகவே ஆயிற்று என்பார்கள்.

சிப்பி ஓட்டை உங்கள் ஊர்க்காரருக்கு நான் சொல்லித் தரவேண்டியதில்லை. கன்னத்தில் வைத்தால் சில்லென்று இருக்கும், சாய்த்தால் பச்சையும் ரோஜாவும் ஓடும். பிறகு பூதக்கண்ணாடியில் கோடுகளைப் பாருங்கள். கையால் வெட்டியதானால் ஒன்றுபோல் ஒன்று இராது. நடுவில் குடும்பச் சின்னமோ பெயரெழுத்துகளோ இருந்து, 63லும் அதுவே இருந்தால் தனித்தனி விலையின் கூட்டுத்தொகையைவிடக் கூடுதலாகக் கேட்கலாம். கலந்து கட்டியதானால் தனித்தனியாகத்தான் போகும். மீனின் வால் உடைந்தவற்றைப் பிரித்து வைத்துவிட்டுப் பேரம் பேசுங்கள். இல்லாவிட்டால் அந்த நாலைக் காட்டியே மொத்தத்துக்கும் விலையை இறக்குவார்கள்.

மஞ்சளாகிப்போன பழைய வில்லைகள். தந்தமா, எலும்பா? (மண்டபம்)

பொடிப்பொடிக் கரும்புள்ளிகள் தெரிந்தால் எலும்பு. வலைக்கண் போலக் குறுக்குக் கோடுகள் தெரிந்தால் தந்தம். தந்தமானால் விலையே பேசாதீர்கள், 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பாயும்.

பேக்கலைட் (பழங்காலப் பிளாஸ்டிக்) சிப் செட் ஒன்று நல்ல விலை போகும் என்றார்கள். அழுக்காக இருக்கிறதே என்று மாமியார் புளியும் நாரும் போட்டுப் பாதியைத் தேய்த்துவிட்டார். (தேவிபட்டினம்)

அடடா. அந்த வெண்ணெய் மஞ்சள் அழுக்கல்ல, காலம் ஏற்றிய நிறம். சேகரிப்பவர்கள் காசு கொடுப்பதே அதற்குத்தான். தேய்க்காத ஒன்றைக் கட்டைவிரலால் சூடேறும்வரை உரசி முகர்ந்து பாருங்கள், கார்பாலிக் நெடி வந்தால் பேக்கலைட்தான். தேய்த்ததையும் தேய்க்காததையும் சேர்த்து முழுச் செட் என்று சொல்லாமல், உள்ளதை உள்ளபடி சொல்லி விற்றுவிடுங்கள். அதுவரை மீதிப் பாதி மாமியார் கண்ணில் படாமல் இருக்கட்டும்.