வண்ணக் கேரட்டுக்கு நாற்று வேண்டாம்

கேள்வி: மதுரையில் மாடித்தோட்டம் வைத்திருக்கிறேன். ஊதா, மஞ்சள், வெள்ளை, ஆரஞ்சு கலந்த கேரட் விதைப் பாக்கெட் வாங்கினேன். கத்தரி, மிளகாய்க்குச் செய்வதுபோல் குழித்தட்டில் நாற்று விட்டு, மாசியில் பைகளில் நட்டேன். இலை செழிப்பாக வளர்ந்தது. மே மாதம் பிடுங்கிப் பார்த்தால், கிழங்குகள் இரண்டு மூன்றாகப் பிளந்து, உடம்பெல்லாம் வேர்மயிராக இருந்தன. ஊதாவும் வெளிறிவிட்டது. உரம் போதவில்லையா?

பதில்: இலை செழித்ததைப் பார்த்தால் உரம் கூடிப்போயிருக்கவே வாய்ப்பு அதிகம். ஆனால் முதல் காரணம் குழித்தட்டுதான். நாம் உண்ணும் கேரட் அந்தச் செடியின் ஆணிவேர். புல்லைப் போன்ற இரண்டு வித்திலைகளுக்கு நடுவில் கொத்தமல்லிச் சாயலில் முதல் இலை எட்டிப் பார்க்கும்போதே, வேர் ஆழத்துக்கு இறங்கத் தொடங்கியிருக்கும். தட்டின் அடியில் அதன் நுனி முட்டினாலோ, பிடுங்கி நடும்போது முறிந்தாலோ, பக்கவேர்கள் தலையெடுத்துப் பருத்துவிடும். நீங்கள் பார்த்த பிளவு அதுதான். எனவே கேரட்டை நேரடியாகப் பையிலேயே விதையுங்கள்.

பை ஓரடி ஆழமாவது இருக்கட்டும். செம்மண், மட்கிய தென்னை நார்க்கழிவு, மண்புழு உரம் மூன்றையும் சம அளவில் கலந்து, கல், கட்டி இல்லாமல் சலித்துக்கொள்ளுங்கள். மட்காத சாணமும் கோழி எருவும் கூடாது. தழைச்சத்து மிகுந்தால் இலையும் வேர்மயிரும்தான் மிஞ்சும். வேரில் மணிமணியாக முடிச்சுகள் இருந்தனவா என்றும் நினைவுபடுத்திப் பாருங்கள். இருந்திருந்தால் அது நூற்புழு என்ற, வேரைத் தாக்கும் நுண்புழுவின் வேலை. அதைக் கட்டுப்படுத்த, அந்த மண்ணில் இந்த முறை கேரட்டுக்குப் பதில் செண்டுமல்லி போடுங்கள்.

பலரும் தோற்பது முளைக்கும் கட்டத்தில்தான். கேரட் விதை பொடியானது. முளைக்க ஒரு வாரம் முதல் இரண்டு வாரம் வரை ஆகும். அதற்குள் மேல்மண் ஒரு பிற்பகல் காய்ந்தாலும் முளை கருகிவிடும். விதையை உலர்ந்த மணலுடன் கலந்து, அரை அங்குலத்துக்கும் குறைவான ஆழத்தில் கோடாகத் தூவி, மெல்ல மண் மூடி, பூவாளியால் நனைத்து, ஈரச் சாக்கைப் போர்த்துங்கள். ஐந்தாம் நாளிலிருந்து தினமும் சாக்கைத் தூக்கிப் பார்த்து, முதல் முளை தெரிந்ததும் எடுத்துவிடுங்கள்.

செடிகள் விரல் உயரம் வந்ததும், இரண்டு அங்குலத்துக்கு ஒன்றாக விட்டு மற்றவற்றைக் கத்தரிக்கோலால் அடியில் நறுக்குங்கள். பிடுங்கினால் பக்கத்துச் செடியின் வேரும் அசையும். உங்களுடையது கலவைப் பாக்கெட். ரகங்கள் எல்லாம் ஒரே வேகத்தில் வளர்வதில்லை. நோஞ்சானை மட்டும் பார்த்துப் பார்த்து நீக்கினால் ஒரு நிறமே காணாமல் போகலாம். ஊதா ரகங்கள் பலவற்றில் இலைக்காம்பின் அடியில் லேசான ஊதாச் சாயல் தெரியும். அவற்றில் சிலவற்றையாவது விட்டுவையுங்கள்.

நிறம் வெளிறியதற்குப் பருவமே காரணம். கேரட்டில் நிறம் ஏற 15 முதல் 20 டிகிரி வரையிலான குளிர்ச்சி உகந்தது. மாசியில் நட்ட கேரட் மதுரை வெயிலில் நிறம் பிடிக்காது. வடகிழக்குப் பருவமழையின் வேகம் தணிந்ததும், நவம்பர் நடுவிலிருந்து டிசம்பர் முதல் வாரத்துக்குள் விதைத்துவிடுங்கள். அறுவடைக்கு மூன்று மாதத்துக்குச் சற்றுக் கூடுதலாகும். கிழங்கின் தோள்பட்டை (மேல் நுனி) வெளியே தெரிந்தால் மண் அணையுங்கள், இல்லாவிட்டால் வெயில் பட்டுப் பச்சையாகும். காயவிட்டுத் திடீரென நிறைய நீர் ஊற்றினால் கிழங்கு வெடிக்கும்.

அடுத்த முறை கலவையைவிடத் தனித்தனி ரகங்களையே நான் பரிந்துரைப்பேன். தில்லி இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தின் பூசா ருதிரா (சிவப்பு), பூசா அசிதா (கருப்பு) இரண்டும் ஐரோப்பிய ரகங்களைவிட வெப்பம் தாங்கும். பூசா அசிதா உள்ளும் கருநிறம். ஊதா ரகங்கள் சிலவற்றில் தோலுக்குக் கீழே ஆரஞ்சுதான், அதைக் குறையென்று எண்ண வேண்டாம். கருப்புக் கேரட்டைச் சாம்பாரில் போட்டால் சாம்பாரின் நிறமே மாறிவிடும். துருவி எலுமிச்சை பிழிந்து பச்சையாக உண்பதே நல்லது.

மீதமுள்ள விதையைக் காற்றுப் புகாத டப்பாவில் குளிர்பதனப் பெட்டியில் வையுங்கள். நவம்பரில் இருபது விதையை ஈரத்துணியில் முடிந்து பாருங்கள். இரண்டு வாரத்தில் பாதிகூட முளைக்காவிட்டால் புதிய பாக்கெட் வாங்கிவிடுங்கள்.