கலிடோனியன் கால்வாயைப் படகில் பார்ப்பதா, நடந்து பார்ப்பதா?

நேரம் இருந்தால் படகு. ஸ்காட்லாந்தின் மேற்கே ஃபோர்ட் வில்லியம் அருகிலுள்ள கோர்பாக்கில் தொடங்கி, கிழக்கே இன்வர்னெஸ் வரை சுமார் 97 கி.மீ. நீளம். ஆனால் வெட்டிய கால்வாய் அதில் மூன்றில் ஒரு பங்குதான். மற்றதெல்லாம் லாக்கி, ஆய்க், நெஸ் ஆகிய ஏரிகள். பொறியாளர் தாமஸ் டெல்ஃபோர்டின் மேற்பார்வையில் 1803இல் வேலை தொடங்கி, 1822இல் திறந்தார்கள்.

மொத்தம் 29 நீர்ப்பூட்டுகள், அதாவது படகை ஏற்றி இறக்கும் கதவுத் தொட்டிகள். கோர்பாக்குக்கு அருகிலுள்ள பானவியில் மட்டும் எட்டு வரிசையாக இருக்கின்றன. 'நெப்டியூனின் படிக்கட்டு' என்று பெயர். ஒரு தொட்டிக்குள் படகை விட்டுக் கதவை மூடி, மேலிருந்து தண்ணீரைத் திறந்துவிடுவார்கள். மட்டம் ஏறியதும் அடுத்த கதவு திறக்கும். இப்படியே படகு ஏறக்குறைய 20 மீட்டர் ஏறிவிடும், ஒன்றரை மணி நேரம் பிடிக்கும். வேடிக்கை பார்க்கக் காசு கிடையாது! நேரம் குறைவு என்றால் இதை மட்டுமாவது பாருங்கள்.

வாடகைப் படகை எடுத்தால் ஓட்டச் சொல்லித் தருவார்கள். நெஸ் ஏரியில் மட்டும் கவனம், காற்று அடித்தால் அலை பெரிதாக எழும். படகு வேண்டாமா? சரி, 'கிரேட் கிளென் வே' நடைபாதை இருக்கிறது, சுமார் 125 கி.மீ. கால்வாய்க் கரையோரப் பகுதி சமதளம், சைக்கிளுக்கும் ஏற்றது. மழைச்சட்டை இல்லாமல் மட்டும் போகாதீர்கள்.