ஆர்வத்துக்கு மதிப்பெண் போடலாமா?

கேள்வி: நடுநிலை வகுப்புகளுக்கு அறிவியல் கற்பிக்கிறேன். இந்த ஆண்டு முதல் ஒவ்வொரு மாணவருக்கும், அவர் செய்யும் பணிகளைச் சேர்த்துவைக்கும் தொகுப்பேடு ஒன்றைப் பராமரிக்க வேண்டும், அதில் பாடத்தின் மீதான ஆர்வம், மனப்பான்மை ஆகியவற்றுக்கு 20 மதிப்பெண் வழங்க வேண்டும் என்று எங்கள் பள்ளியில் முடிவு செய்திருக்கிறார்கள். ஒவ்வொரு பணியின் முடிவிலும் மாணவர்கள் தங்கள் உணர்வை ஒரு பத்தியாக எழுதி இணைக்க வேண்டும். ஒரு மாணவி தவறாமல் "இந்தப் பாடம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது, நிறையக் கற்றுக்கொண்டேன்" என்று முத்து முத்தான கையெழுத்தில் எழுதித் தருகிறாள். ஆனால் செய்முறை வகுப்பில் கருவிகளைத் தொடுவதே இல்லை. இன்னொரு மாணவன் "எழுத ஒன்றும் இல்லை" என்று மட்டும் எழுதுகிறான். அவனோ, மின்சுற்றில் விளக்கு எரியாத அன்று மணி அடித்த பிறகும் இடத்தை விட்டு எழவில்லை. இவர்களுக்கு எத்தனை மதிப்பெண் போடுவது? உணர்வை அளக்கத்தான் முடியுமா? பெற்றோர் சந்திப்பில் இதை எப்படிக் காட்டுவது?

– பெயர் வெளியிட விரும்பாத ஆசிரியை

பதில்: அன்புள்ள ஆசிரியைக்கு,

உங்கள் மூன்று கேள்விகளில் நடுவில் உள்ளதற்கு முதலில் விடை சொல்லிவிடுகிறேன். மற்ற இரண்டும் அதைச் சார்ந்தே நிற்கின்றன. மனப்பான்மையை ஓரளவு அளக்க முடியும். அதற்கான முறைகள் ஏறத்தாழ நூறு ஆண்டுகளாகப் புழக்கத்தில் உள்ளன. ஆனால், அப்படி அளந்ததை ஒரு தனி மாணவரின் மதிப்பெண் பட்டியலில் ஏற்றினால் அந்த அளவு அன்றே கெட்டுவிடும் என்பது என் உறுதியான கருத்து. ஆகவே அந்த மாணவியின் பத்திக்கும் அந்த மாணவனின் ஒற்றை வரிக்கும் மதிப்பெண் போடாதீர்கள். இரண்டையும் படியுங்கள், அருகில் பதில் எழுதுங்கள், தேவையானால் நீங்கள் பாடம் நடத்தும் விதத்தை மாற்றிக்கொள்ளுங்கள். எண் மட்டும் வேண்டாம்.

மனப்பான்மைகளை அளக்க முடியும் என்று உளவியலாளர் தர்ஸ்டன் 1928-இல் வாதிட்டார். 1932-இல் ரென்சிஸ் லிக்கர்ட் அறிமுகப்படுத்திய முறைதான் "முழுமையாக ஒப்புக்கொள்கிறேன்" என்பதில் தொடங்கி "முழுமையாக மறுக்கிறேன்" என்பது வரை செல்லும் ஐந்து நிலைக் கேள்வித்தாள்களாக இன்று எங்கும் காணப்படுகிறது. இந்தக் கருவிகள் எல்லாம் ஒரு நிபந்தனையின் மீது நிற்கின்றன: பதில் சொல்பவருக்குப் பொய் சொல்லக் காரணம் எதுவும் இருக்கக் கூடாது. "அறிவியல் எனக்குப் பிடிக்கும்" என்ற வரிக்கு எதிரே எந்தக் கட்டத்தில் குறியிட்டால் மதிப்பெண் கூடும் என்பதைப் பத்து வயதுக் குழந்தையும் எளிதில் கண்டுபிடித்துவிடும். உங்கள் மாணவி எழுதும் அந்த வாக்கியத்தை நான் பொய் என்று சொல்ல மாட்டேன். தன்னிடம் எது கேட்கப்படுகிறது என்று அவள் புரிந்துகொண்டாளோ அதைக் கொடுத்திருக்கிறாள், அவ்வளவுதான்.

இத்தகைய கேள்வித்தாளை நீங்கள் பயன்படுத்த விரும்பினால், பெயர் எழுதாமல் நிரப்பச் சொல்லி, பருவத்தின் தொடக்கத்தில் ஒரு முறையும் இறுதியில் ஒரு முறையும் வகுப்பு முழுவதற்கும் கொடுங்கள். அதில் கிடைக்கும் விடைகள் உங்கள் கற்பித்தலைப் பற்றிய செய்தியாகவே இருக்கும். அதை உருவாக்கும்போது, ஃபென்னிமா, ஷெர்மன் என்ற இரு ஆய்வாளர்கள் கணிதத்துக்கென 1976-இல் வெளியிட்ட மனப்பான்மை அளவுகோல்களின் அமைப்பை மனத்தில் கொள்வது நல்லது. அவர்கள் "கணிதம் பிடிக்குமா" என்று ஒரே கேள்வியாகக் கேட்காமல், தன்னம்பிக்கை, பதற்றம், பாடத்தின் பயன் பற்றிய எண்ணம், ஆசிரியர் தன்னைப் பற்றி என்ன நினைக்கிறார் என்ற எண்ணம் என்று பல அளவுகோல்களாகப் பிரித்தார்கள். உங்கள் கடிதத்தில் வரும் இருவருக்கும் இந்தப் பிரிவினை பொருந்துவதைக் கவனியுங்கள். அந்த மாணவிக்குப் பாடம் உண்மையாகவே பிடித்திருக்கலாம், கருவியை உடைத்துவிடுவோமோ என்ற அச்சம் மட்டும் இருக்கலாம். அந்த மாணவனுக்கு வேலையில் பேரார்வம் இருந்து, எழுதுவதில் மட்டும் வெறுப்பு இருக்கலாம். "ஆர்வம்: 20-க்கு 12" என்ற பதிவு இந்த இரண்டையும் ஒன்றாக்கி அழித்துவிடும்.

மதிப்பெண் போட்டால் என்ன கெட்டுவிடும் என்று உங்கள் பள்ளியில் கேட்பார்கள். இரண்டு ஆய்வுகளை நீங்கள் எடுத்துச் சொல்லலாம். 1973-இல் உளவியலாளர் லெப்பரும் அவருடைய சகாக்களும், தாமாகவே விரும்பிப் படம் வரையும் மழலையர் பள்ளிக் குழந்தைகளில் ஒரு பிரிவினரிடம், வரைந்தால் சான்றிதழ் கிடைக்கும் என்று முன்கூட்டியே சொல்லி, பிறகு அப்படியே கொடுத்தார்கள். சில நாட்கள் கழித்துப் பரிசுப் பேச்சே இல்லாத நேரத்தில் கவனித்தபோது, பரிசை எதிர்பார்த்து வரைந்த அந்தக் குழந்தைகள் மற்றவர்கள் வரைந்த நேரத்தில் ஏறத்தாழப் பாதி நேரமே வரைந்தார்கள். 1988-இல் ரூத் பட்லர் வெளியிட்ட ஆய்வு உங்களுக்கு இன்னும் நெருக்கமானது. செய்த பணிக்கு எழுத்தில் கருத்து மட்டும் பெற்ற மாணவர்களிடம் ஆர்வமும் செயல்திறனும் நன்றாக இருந்தன. மதிப்பெண்ணையும் கருத்தையும் சேர்த்துப் பெற்றவர்களிடம் அந்தப் பலன் காணப்படவில்லை. எண்ணைப் பார்த்த கண் அதன் கீழே எழுதியதைப் படிப்பதில்லை என்பது விடைத்தாள் திருத்திய யாருக்கும் தெரிந்ததே. ஆர்வத்தை வளர்ப்பதற்காகத் தொடங்கிய தொகுப்பேட்டில் ஆர்வத்துக்கே விலை குறிப்பது, என் பார்வையில், திட்டம் தன் நோக்கத்தைத் தானே முறியடிப்பதாகும்.

மதிப்பிடுபவரின் பக்கத்திலும் ஒரு சிக்கல் உண்டு. உளவியலாளர் எட்வர்ட் தார்ண்டைக் 1920-இல் வெளியிட்ட கட்டுரையில், இராணுவ அதிகாரிகள் தமக்குக் கீழிருந்தவர்களின் உடற்கட்டு, அறிவு, தலைமைப் பண்பு, குணம் என்று தனித்தனியாக இட்ட மதிப்பீடுகள் நம்ப முடியாத அளவுக்கு ஒன்றோடொன்று ஒத்துப்போனதைக் காட்டினார். ஒருவரைப் பற்றிய பொதுவான நல்லெண்ணம் எல்லாக் கட்டங்களுக்கும் பரவிவிடும் இந்தப் போக்கை ஒளிவட்ட விளைவு என்கிறார்கள். மாணவியின் கையெழுத்தை நீங்கள் கடிதத்திலேயே பாராட்டியிருக்கிறீர்கள். அதில் பிழையில்லை, ஆனால் அந்த முத்தான எழுத்து ஆர்வம் என்ற கட்டத்துக்குள் இரண்டு மூன்று மதிப்பெண்ணாக நுழைந்துவிடும் என்பதை நீங்களே உணர்ந்திருப்பதால்தான் எனக்கு எழுதினீர்கள் என்று நினைக்கிறேன்.

ஆசிரியப் பயிற்சியில் நீங்கள் படித்திருக்கக்கூடிய உணர்வுசார் களம் (கற்றலில் ஆர்வம், மனப்பான்மை, மதிப்புகள் அடங்கிய பகுதி) பற்றிய வகைப்பாட்டை யாரேனும் மேற்கோள் காட்டக்கூடும். கிராத்வோல், ப்ளூம், மாசியா ஆகிய மூவர் 1964-இல் வெளியிட்ட அந்த வகைப்பாடு, கவனித்து ஏற்றல், துலங்கல் (அதற்கு எதிர்வினை காட்டுதல்), மதிப்பளித்தல், மதிப்புகளை ஒழுங்கமைத்தல், அவை பண்பாகவே ஊன்றிவிடுதல் என ஐந்து நிலைகளைக் கொண்டது. ஐந்து நிலை, 20 மதிப்பெண், நிலைக்கு நான்கு என்று கணக்குப் போட எளிதாக இருப்பதுதான் அதன் ஆபத்து. மேல் நிலைகள் பல ஆண்டுகளில் உருவாகுபவை. ஒரு பருவத்தில், ஒரு பாடத்தில் அவற்றைக் கண்டு சான்றளிக்க எந்த ஆசிரியராலும் முடியாது. மாணவரின் ஆர்வத்துக்கும் மனப்பான்மைக்கும் மதிப்பெண் தர ஆசிரியர்கள் தயங்குவதையும் அந்த நூலாசிரியர்களே விவாதித்திருக்கிறார்கள். எதைக் கவனிக்கலாம் என்று கண்ணுக்குப் பழக்கம் தருவதற்கு அந்த வகைப்பாடு நல்லது. விளக்கு எரியாதபோது எழாமல் அமர்ந்திருந்த மாணவனின் செயல் வெறும் துலங்கலைத் தாண்டியது என்று காண அது உதவும். அதோடு அதன் வேலை முடிந்தது.

இனித் தொகுப்பேட்டுக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தைப் பார்த்தால், செய்த பணிகள் அனைத்தும் அதில் சேர்க்கப்படுவது போலத் தெரிகிறது. அது தொகுப்பேடாக இராது. தாள்களின் கட்டாகத்தான் இருக்கும். எதைச் சேர்ப்பது என்ற முடிவில் மாணவருக்குப் பங்கு இருக்க வேண்டும், ஏன் சேர்த்தோம் என்று அவர் சிந்தித்ததற்கான தடயமும் இருக்க வேண்டும். ஒரு பருவத்துக்கு நான்கு அல்லது ஐந்து பணிகள் போதும். அவற்றுள் ஒன்று, சரியாக வராத பணியாக இருக்க வேண்டும் என்பதைக் கட்டாய விதியாக்குங்கள். இன்னொன்றின் முதல் வடிவமும் திருத்திய வடிவமும் அடுத்தடுத்து இடம்பெறட்டும். மனப்பான்மை என்று நாம் தேடுவதில் பெரும்பகுதி அந்த இரண்டு தாள்களுக்கு நடுவே உள்ள மாற்றத்தில்தான் தெரியும்: எத்தனை இடத்தில் அடித்து எழுதியிருக்கிறார், உங்கள் குறிப்பை ஏற்றாரா மறுத்தாரா, மறுத்தால் காரணம் சொன்னாரா என்பதெல்லாம்.

உணர்வைப் பற்றிய பத்தியைக் கைவிட வேண்டியதில்லை, கேள்வியை மாற்றினால் போதும். "இந்தப் பணி உனக்குப் பிடித்திருந்ததா" என்று கேட்டால் ஒரே ஒரு பாதுகாப்பான விடைதான் உண்டு. "எந்த இடத்தில் தடைபட்டு நின்றாய், அப்போது முதலில் என்ன செய்தாய்?", "யாரும் சொல்லாமல் நீயாகவே எடுத்த முடிவு எது?", "இதையே மறுபடி செய்யச் சொன்னால் எதை விட்டுவிடுவாய்?" என்று கேட்டுப் பாருங்கள். இவற்றுக்கு மனப்பாடமான விடை இல்லை. "சலிப்பாக இருந்தது" என்று எழுதவும் அனுமதி உண்டு என்பதை முதல் வாரத்திலேயே சொல்லிவிடுங்கள். அப்படி எழுதிய முதல் மாணவரை நீங்கள் எப்படி நடத்துகிறீர்கள் என்பதை வகுப்பு முழுவதும் பார்த்துக்கொண்டிருக்கும். எழுத மறுக்கும் அந்த மாணவனிடம் அவனுடைய மின்சுற்றின் படத்தை வரையச் சொல்லுங்கள். எங்கே தவறு இருந்தது என்று அவன் வாய்மொழியாகச் சொல்வதை, அவன் சொற்களிலேயே, நீங்கள் அருகில் எழுதிக்கொள்ளுங்கள். எழுத்துத் திறனை அவன் வேறு பாடங்களில் வளர்த்துக்கொள்ளட்டும். அறிவியல் ஆர்வத்துக்கு அது நுழைவுச்சீட்டாக வேண்டாம்.

இவற்றோடு உங்கள் சொந்த உற்றுநோக்கல் குறிப்பும் தேவை. இதில்தான் பெரும்பாலான ஆசிரியர்கள் வழுக்கி விழுகிறார்கள், ஏனெனில் நிகழ்ந்ததை எழுதுவதை விட்டுவிட்டு, அதைப் பற்றிய தீர்ப்பை எழுதிவிடுகிறார்கள். "செய்முறையில் ஆர்வம் இல்லாதவள்" என்பது தீர்ப்பு. "கம்பிகளைத் தொடவில்லை, தோழி இணைத்ததைப் பார்த்துப் படம் வரைந்தாள், அளவீடு என்ன என்று கேட்டபோது தோழியை முந்திக்கொண்டு சரியாகச் சொன்னாள்" என்பது குறிப்பு. முதல் வரியைப் படித்த பிறகு செய்வதற்கு எதுவும் இல்லை. இரண்டாவதைப் படித்தால், அடுத்த வகுப்பில் உடையாத எளிய கருவி ஒன்றை அவள் கையில் கொடுத்துத் தனியாக இணைக்கச் சொல்லிப் பார்க்கலாம் என்று உடனே தோன்றுகிறது. ஒரு வகுப்புக்கு ஐந்து பேர் என்று முன்கூட்டியே பெயர்களைக் குறித்துக்கொண்டு சுழற்சி முறையில் கவனியுங்கள், தேதி இடுங்கள். இல்லாவிட்டால் குறும்பு செய்பவர்களைப் பற்றியும் கையை உயர்த்துபவர்களைப் பற்றியுமே ஏடு நிரம்பும். நடுவில் அமைதியாக இருப்பவர்கள் ஆண்டு முழுவதும் ஒரு வரியும் இல்லாமல் போவார்கள். மாணவரிடமே காட்டத் துணியாத வரியை எழுத வேண்டாம்.

நிர்வாகம் அந்த 20 மதிப்பெண்ணை விட்டுக்கொடுக்காது என்றால், அதற்காகச் சண்டையிட்டுச் சோர்ந்துபோகாதீர்கள். தலைப்பை மாற்றக் கேளுங்கள். "ஆர்வம், மனப்பான்மை" என்பதற்குப் பதிலாக "கற்றல் பழக்கங்கள்" என்று வைத்து, தாளிலோ மேசையிலோ கண்ணால் காணக்கூடியவற்றை மட்டும் அதன் கீழ்க் கொண்டுவாருங்கள். பின்னூட்டத்துக்குப் பிறகு பணியைத் திருத்தியது, எதிர்பார்த்த விடை வராதபோதும் அளவீட்டை உள்ளபடியே பதிந்தது, தேர்ந்தெடுத்த பணிக்குக் காரணம் கூறியது போன்றவை அதில் அடங்கும். ஒவ்வொன்றும் எப்படி மதிப்பிடப்படும் என்பதைப் பருவத் தொடக்கத்திலேயே மாணவர்களிடம் கொடுத்துவிட வேண்டும்.

அப்போதும் உங்கள் ஒருவரின் கண்ணை மட்டும் நம்ப வேண்டாம். அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலம் 1990-களின் தொடக்கத்தில் கணிதத்துக்கும் எழுத்துக்கும் மாநில அளவில் தொகுப்பேட்டு மதிப்பீட்டைக் கொண்டுவந்தபோது, ஒரே தொகுப்பேட்டுக்கு இரண்டு மதிப்பீட்டாளர்கள் வழங்கிய மதிப்பெண்கள் பெரிதும் வேறுபட்டன. மாணவர்களிடையே ஒப்பீடு செய்ய அவை நம்பத்தக்கவை அல்ல என்பது ஆய்வில் தெரிந்தது. கணக்கும் கட்டுரையும் கையில் இருக்கும்போதே இந்த நிலை என்றால், உணர்வைப் பற்றிய மதிப்பெண்ணை என்னவென்று சொல்வது? உங்கள் பாடத்தைக் கற்பிக்கும் இன்னொருவரோடு சேர்ந்து பத்துத் தொகுப்பேடுகளைத் தனித்தனியாக மதிப்பிட்டு, எங்கே வேறுபடுகிறீர்கள் என்று பேசிப் பாருங்கள். அந்தப் பேச்சில் பாதி விதிகள் தாமாகவே தெளிவாகிவிடும். நிர்வாகத்திடம் எடுத்துச் செல்ல அதைவிட வலுவான சான்றும் உங்களுக்குக் கிடைக்காது.

பெற்றோர் சந்திப்பைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. பணிகளைக் காட்டுங்கள், குழந்தையின் குணத்தைப் பற்றித் தீர்ப்பு வழங்காதீர்கள். மாணவர் தம் வீட்டைப் பற்றியோ தம் அச்சத்தைப் பற்றியோ அந்தரங்கமாக எழுதியிருந்தால் அது தொகுப்பேட்டில் இருக்கக் கூடாது. அவரிடம் சொல்லிவிட்டு எடுத்துவிடுங்கள், கவலைக்குரியதாக இருந்தால் பள்ளியில் அதற்குப் பொறுப்பானவரிடம் நேரில் தெரிவியுங்கள். சந்திப்பில் நீங்கள் பேசுவதைக் குறைத்து, மாணவரே இரண்டு பணிகளைப் பெற்றோர் முன் விரித்து, தாம் ஏன் அவற்றைத் தேர்ந்தெடுத்தார் என்று விளக்கச் சொல்லுங்கள். ஒருவருக்குப் பத்து நிமிடம் ஆகும். எழுத ஒன்றுமில்லை என்ற அந்த மாணவனுக்கு, தாளுக்குப் பதிலாக அவனுடைய மின்சுற்றையே மேசை மீது வைத்துக்கொள்ள அனுமதி கொடுங்கள்.