வாசகர் கேள்வி – பதில்: வைனில் தைல வாசனை வரலாமா?

கேள்வி: ஆஸ்திரேலியாவின் பரோசா பகுதி ஷிராஸ், கூனவாரா பகுதி கேபர்நே சாவிஞான் என்ற இரண்டு சிவப்பு வைன்களையும் அடுத்தடுத்து சுவைத்தேன். முதலாவது மூக்கிலும் தொண்டையிலும் எரிந்தது. இரண்டாவதில் யூகலிப்டஸ் தைல வாசனை. இரண்டும் கெட்டுப்போனவையா?

பதில்: இரண்டுமே கெடவில்லை. பரோசா வெயிலில் திராட்சை நன்றாகப் பழுத்துச் சர்க்கரை ஏறும், அது நொதித்து ஆல்கஹால் 14.5 சதவீதத்தைத் தொடுவது சகஜம். வைன் 25 டிகிரியில் இருந்தால் ஆல்கஹால் ஆவிதான் முந்திக்கொண்டு மூக்கில் ஏறும், பழ வாசனை அமுங்கிவிடும். பாட்டிலை அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்து, 16–18 டிகிரியில் ஊற்றுங்கள்.

தைல வாசனைக்குக் காரணம் யூகலிப்டஸ் எண்ணெயில் உள்ள சினியோல் என்ற வேதிப்பொருள். தோட்டத்தை ஒட்டிய யூகலிப்டஸ் மரங்களிலிருந்து காற்றில் வந்து திராட்சைத் தோலில் படியும். இயந்திர அறுவடையில் மர இலைகளும் சேர்ந்தால் இன்னும் கூடும். சிவப்பு வைன் தோலோடு நொதிப்பதால் அது அப்படியே இறங்குகிறது. இலேசாக இருந்தால் அழகு. பழ வாசனையையே மறைத்தால் தாராளமாக மதிப்பெண்ணைக் குறையுங்கள்.

ஈர அட்டைப்பெட்டி வாடை வந்தால் அதுதான் உண்மையான பழுது. கார்க்கிலிருந்து வருவது, எவ்வளவு சுழற்றினாலும் போகாது. திருகுமூடி பாட்டிலில் எரிந்த தீக்குச்சி வாடை அடித்தால் அவசரப்பட்டுக் கொட்டிவிடாதீர்கள். கிளாஸில் சில நிமிடம் சுழற்றினால் பெரும்பாலும் பறந்துவிடும்.

அடுத்த முறை 50 மில்லி மட்டும் ஊற்றி, சுழற்றுவதற்கு முன் ஒருமுறை, பின் ஒருமுறை முகருங்கள். விழுங்காமல் துப்புங்கள். ஈறு வறண்டு பிடித்தால் அது துவர்ப்பு தரும் டானின் என்ற பொருள், புளிப்பு அல்ல.