ஆன் ஆகாத லேப்டாப்பில் சிக்கிய போட்டோக்கள்

கேள்வி: என் பழைய விண்டோஸ் லேப்டாப் ஆன் ஆகவே இல்லை. உள்ளே இருக்கும் போட்டோக்களை எடுக்க முடியுமா?

பதில்: பெரும்பாலும் முடியும். மதர்போர்டு (லேப்டாப்பின் முதன்மைச் சர்க்யூட் பலகை) போனாலும், போட்டோக்கள் சேமிக்கப்பட்டிருக்கும் டிஸ்க் நன்றாகவே இருக்கக்கூடும். சார்ஜரைப் பிடுங்கி, பேட்டரி இணைப்பையும் எடுத்துவிட்டு டிஸ்க்கைக் கழற்றுங்கள். 2.5 அங்குல சாட்டா (டிஸ்க்கை இணைக்கும் ஒரு முறை) டிஸ்க்குக்கு யூஎஸ்பி-சாட்டா கேபிள் போதும். எம்.2 (சிறிய பட்டை வடிவ டிஸ்க்) என்றால் அது சாட்டா வகையா, என்விஎம்இ என்ற வேறு இணைப்பு வகையா என்று லேபிளைப் பார்த்து அதற்கேற்ற யூஎஸ்பி கேஸ் வாங்குங்கள். மாற்றி வாங்கினால் டிஸ்க் தெரியவே தெரியாது. (சில மெல்லிய மாடல்களில் டிஸ்க் போர்டிலேயே சால்டர் செய்யப்பட்டிருக்கும், அதற்கு இந்த வழி உதவாது.)

வேறு கணினியில் செருகியதும் ‘ஃபார்மட் செய்யவா?’ என்று கேட்டால் மறுத்துவிடுங்கள். பிட்லாக்கர் (விண்டோஸின் டிஸ்க் பூட்டு வசதி) பூட்டியிருந்தால் 48 இலக்க மீட்புச் சாவி தேவை. உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் தேடிப் பாருங்கள். போட்டோக்கள் ‘யூசர்ஸ்’ ஃபோல்டருக்குள் இருக்கும். ஹார்டு டிஸ்க்கில் ‘டக் டக்’ சத்தம் வந்தால் உடனே கழற்றிவிடுங்கள்; ஓட ஓட உள்ளே சுழலும் தட்டில் கீறல் விழக்கூடும்.