கேட்ல போட்ட கையெழுத்து

கேள்வி (மூணு பக்கம் வந்துச்சு, சுருக்கியிருக்கேன்): பிஎச்டி-ல நாலு வருஷம் உழைச்சு பேட்டரி செப்பரேட்டர் (உள்ள ரெண்டு எலக்ட்ரோடும் ஒண்ணோட ஒண்ணு தொடாம நடுவுல வைக்கிற ஷீட்) மேல போடுற ஒரு செராமிக் கோட்டிங் கொண்டுவந்தேன். யூனிவர்சிட்டி பேட்டன்ட் ஃபைல் பண்ணிடுச்சு. இப்போ கைடு அத வச்சு கம்பெனி ஆரம்பிக்கிறார், எனக்கு 5 சதவீதம் ஷேர் தராராம். பேப்பர்லயும் என் பேரு மூணாவது. ஐடியா என்னோடது. கேஸ் போடலாமா, இல்ல நானே தனியா ஆரம்பிச்சிடலாமா? (நடுவுல ஆறு மாசம் ஒரு பேட்டரி கம்பெனி லேப்ல டெஸ்டிங்குக்காக இருந்தேன்.)

பதில்: தம்பி, மூணு பக்கத்துல ரெண்டே முக்கால் பக்கம் கைடு புராணம்தான். அத ஓரமா வைங்க. பேப்பர்ல எத்தனாவது பேருன்னு எந்த கோர்ட்டும் கேக்காது, பேட்டன்ட்ல இன்வென்டரா உங்க பேரு இருக்கான்னு பாருங்க, இல்லேன்னா உடனே எழுதிக் கேளுங்க. ஐடியா உங்களோடதா இருக்கலாம், ஆனா சேரும்போது கையெழுத்து போட்ட பேப்பர்ல அது யூனிவர்சிட்டிக்குன்னு இருந்தா நீங்க தனியா கம்பெனி ஆரம்பிச்ச மறுநாளே உங்க கண்டுபிடிப்புக்கு நீங்களே திருடன்.

எனக்கு பகீர்னு ஆனது அந்த பிராக்கெட்ல இருக்க ஒரு வரிதான். கம்பெனி லேப்புக்குள்ள விடும்போது ரிசப்ஷன்ல ஒரு ஃபார்ம் நீட்டியிருப்பாங்க, ரகசியம் காக்குறேன்னு தலைப்பு இருக்கும், நீங்களும் ஐடி கார்டு வாங்குற அவசரத்துல போட்டிருப்பீங்க. அதோட கடைசி பக்கத்துலதான் "இங்க வந்ததால உருவாகுற கண்டுபிடிப்பையெல்லாம் இதன்மூலம் எழுதிக்கொடுக்கிறேன்"னு இருக்கும்.

ஸ்டான்ஃபோர்டு யூனிவர்சிட்டி இப்படித்தான் மாட்டுச்சு. அவங்க ஆராய்ச்சியாளர் ஒருத்தர் பிசிஆர் (டிஎன்ஏவ பல மடங்கு பெருக்குற முறை) கத்துக்க சீட்டஸ்ங்கிற கம்பெனிக்கு போனார். யூனிவர்சிட்டி பேப்பர்ல "எழுதிக்கொடுக்க சம்மதிக்கிறேன்", கம்பெனி விசிட்டர் ஃபார்ம்ல "இதன்மூலம் எழுதிக்கொடுக்கிறேன்". நிலத்துக்கு அக்ரிமென்ட் போடுறதுக்கும் கிரயம் பண்ணிட்டதுக்கும் உள்ள வித்தியாசம்தான். அந்த கம்பெனியோட பிசிஆர் பிசினஸ ரோஷ்ங்கிற மருந்து கம்பெனி வாங்கிடுச்சு, கண்டுபிடிப்பு யாருக்குன்னு சண்டை வந்து 2011-ல அமெரிக்க சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போயும் ஸ்டான்ஃபோர்டு தோத்துச்சு. அரசு பண உதவில நடந்த ஆராய்ச்சி, அதனால தானா எங்களுக்குத்தான்னு வாதாடினாங்க, எடுபடல.

இது எப்போ வெடிக்கும்னா, கம்பெனி ஆரம்பிச்சப்போ இல்ல, இன்வெஸ்டர் பணம் போட வரும்போது. அவங்க வக்கீல் முதல்ல கேக்குறதே யார்கிட்டேர்ந்து யாருக்கு உரிமை வந்துச்சுங்கிற செயின்தான். என்கிட்ட வந்த ஒரு கிளையன்ட்டுக்கு ரெண்டு வருஷ உழைப்பு, ரெடியான ஃபர்னஸ், ஆர்டர் கூட இருந்துச்சு, ஒரே ஒரு விசிட்டர் ஃபார்ம்னால டீல் நின்னு போச்சு. அதுக்கப்புறம் அந்த கம்பெனிகிட்ட போய் விடுதலை (அந்த உரிமைய விட்டுக்கொடுங்கன்னு) கேட்டா என்ன விலை சொல்லுவாங்கன்னு நீங்களே யோசிங்க. இன்னொண்ணு, அமெரிக்கால பேட்டன்ட்டோட கூட்டு ஓனர் ஒருத்தர் உங்கள கேக்காமலே யாருக்கும் லைசென்ஸ் கொடுக்கலாம், உங்க போட்டியாளருக்கே கொடுக்கலாம்.

அதனால முதல்ல அந்த ஃபார்மோட காப்பிய தேடுங்க, கோட்டிங்க முதல்ல போட்ட தேதி நோட்புக்ல இருக்கான்னும் பாருங்க, அது அந்த ஆறு மாசத்துக்கு முன்னாடியா நடுவுலயான்னுதான் கேள்வியே. நடுவுலன்னா கம்பெனிகிட்ட எழுதுறதுக்கு முன்னாடி யூனிவர்சிட்டி டெக் டிரான்ஸ்ஃபர் ஆபீஸ்ல (பேட்டன்ட், லைசென்ஸ் பாத்துக்கிற ஆபீஸ்) சொல்லிடுங்க, அவங்க மூலமா ஒரு விடுதலைப் பத்திரம் வாங்குறது இப்போ சுலபம், பணம் வந்தப்புறம் இல்ல.

கேஸ் வேண்டாம். கைடோட உக்காந்து பேசுங்க. 5-க்கு பதிலா கொஞ்சம் கூட கேளுங்க, நீங்க முழுநேரமா வேலை பாக்கப்போறீங்கன்னா அது நியாயம்தான். பல யூனிவர்சிட்டில ராயல்டில இன்வென்டர் பங்கு ஷேருக்கு வெளிய தனியா வரும், அத ஷேர் பேச்சுல விட்டுக்கொடுத்துடாதீங்க. கோபத்துல அந்த கம்பெனி லேப் நண்பருக்கு புது சாம்பிள் எதையும் அனுப்பிடாதீங்க, ஏற்கனவே அனுப்பியிருந்தா தேதியோட எனக்கு எழுதுங்க.