கேள்வி – பதில்: மேட்டு ரோட்டில் பெட்டரி எவ்வளவு தூரம் தாங்கும்?

கேள்வி: ஐயா, பழைய சைக்கிள் சக்கரங்களையும் இரும்புக் குழாய்களையும் கொண்டு மூன்று சக்கர மின் வண்டியொன்றைக் கட்டி வருகிறேன். வண்டியின் எடை 110 கிலோ. எங்கள் மேல்டிவிசனிலிருந்து டவுன் 9 கிலோமீற்றர். கைத்தொலைபேசியில் பார்த்தபோது உயர வித்தியாசம் 380 மீற்றர். காலையில் லீக்ஸ், கரட் மூட்டைகளுடன் இறங்கி, மாலையில் அரிசியும் உரமும் ஏற்றிக்கொண்டு திரும்ப வேண்டும். 48 வோல்ட், 30 அம்பியர்-மணி லித்தியம் அயன் பொஸ்பேட் பெட்டரி 60 கிலோமீற்றர் ஓடும் என்று விற்பவர் சொல்கிறார். அது போதுமா?
– வாசகர், தலவாக்கலை

பதில்: விற்பவர் சொல்வது பொய்யில்லை, ஆனால் அது சமதரைக் கணக்கு. 48 வோல்ட் என்று நாம் சொல்லும் இந்தப் பெட்டரியில் 3.2 வோல்ட் கலங்கள் 16 தொடராக இணைந்திருப்பதால் அதன் பெயரளவு அழுத்தம் 51.2 வோல்ட். அதை 30ஆல் பெருக்கினால் 1,536 வோட்-மணி, அதாவது ஒன்றரை யூனிட் மின்சாரம் கிடைக்கும். தட்டையான ரோட்டில் ஒரே ஆள் நிதானமாக ஓட்டினால் கிலோமீற்றருக்கு 25 வோட்-மணி போதும். 60 கிலோமீற்றர் வந்துவிடும். நம் ரோடுகளில் முதலில் அளக்க வேண்டியது உயரம். தூரம் அதற்குப் பிறகுதான்.

காசல்ரீயில் தேங்கும் நீர் கீழே இறங்கி விமலசுரேந்திர மின்நிலையத்தின் சுழலிகளைச் சுற்றுகிறது அல்லவா? எடையையும் உயரத்தையும் பெருக்கி வரும் அதே சக்தியை, நீங்கள் மாலையில் சுமையோடு ஏறும்போது திருப்பிக் கொடுக்க வேண்டியிருக்கிறது. வண்டி 110, நீங்கள் 65, சுமை 125, ஆக 300 கிலோ என்று வைப்போம். 300 கிலோவை 100 மீற்றர் உயரத்துக்குத் தூக்க ஏறத்தாழ 82 வோட்-மணி தேவை. மோட்டரிலும், அதற்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலரிலும், சங்கிலியிலும் கால் பங்கு சூடாக வீணாகிறது என்று கொண்டால், பெட்டரியிலிருந்து 110 வோட்-மணி எடுக்க வேண்டும். 380 மீற்றருக்கு இது 415 வோட்-மணி. குண்டும் குழியுமான ரோட்டில் சக்கரம் உருளுவதற்கும் காற்றைத் தள்ளுவதற்கும் கிலோமீற்றருக்கு 32 வீதம் இன்னும் 290 சேரும். ஆக மாலை ஏற்றத்துக்கு மட்டும் 700 வோட்-மணி. காலை இறக்கத்தில் இடையிடையே வரும் மேடுகளுக்கு 100 சேர்த்தால், போய்வர 800.

பெட்டரியில் ஐந்தில் ஒரு பங்கைத் தொடாமல் வைத்தாலும் 1,230 வோட்-மணி கையில் இருக்கும். ஆகவே ஒரு தடவை போய்வரச் சக்தி போதும்; நடுவில் சார்ஜ் செய்யாமல் இரண்டாம் தடவை முடியாது.

இருந்தும் அந்தப் பெட்டரியை வாங்காதீர்கள் என்றே சொல்வேன். காரணம் மின்னோட்டம். 100 மீற்றருக்கு 15 மீற்றர் உயரும் வளைவொன்றில் 300 கிலோவுடன் மணிக்கு 12 கிலோமீற்றர் வேகத்தில் ஏறினால், பெட்டரி ஏறத்தாழ 2,200 வோட் கொடுக்க வேண்டும். அதாவது 43 அம்பியர். 30 அம்பியர்-மணிப் பெட்டரிகளில் பல, தொடர்ச்சியாக 30 அம்பியருக்கு மேல் கொடுப்பதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. அதுவும் அந்த ஏற்றம் நாளின் கடைசியில், பெட்டரி பாதி இறங்கிய நிலையில் வருகிறது. அழுத்தம் சட்டென்று விழுந்து, பாதுகாப்புப் பலகையான பி.எம்.எஸ். இணைப்பைத் துண்டித்தால், உரமூட்டையோடு மேட்டின் நடுவில் நிற்பீர்கள். 60 அம்பியர்-மணிப் பெட்டரியும், தொடர்ச்சியாக 60 அம்பியர் தாங்கும் பி.எம்.எஸ்.ஸும் வாங்குங்கள். இரண்டு 30 அம்பியர்-மணிப் பெட்டரிகளைச் சமாந்தரமாக இணைக்கலாம்; ஆனால் இரண்டும் ஒரே வகையாக இருக்க வேண்டும், இணைப்பதற்கு முன் அவற்றின் அழுத்தம் சமமாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் இணைத்த நொடியே ஒன்றிலிருந்து மற்றதற்குப் பெரும் மின்னோட்டம் பாயும்.

எங்கள் கராஜுக்கு இப்படி ஒரு வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். பெட்டரி நன்றாகவே இருந்தது. சக்கரத்துக்குள் இருந்த மோட்டருக்குப் போகும் மூன்று வயர்களின் உறை உருகி, ஒன்றோடொன்று ஒட்டி, அச்சுத் துளையின் ஓரத்தில் கறுத்துப்போயிருந்தது. இப்படிச் சக்கரத்துக்குள்ளேயே இருக்கும் அச்சு மோட்டர் செங்குத்தான மேட்டில் மெதுவாகச் சுழலும்போது சக்தியில் பெரும்பகுதியைச் சூடாக்கிவிடும். அதனால் பற்சக்கரம் அல்லது சங்கிலி வழியாக வேகத்தைக் குறைத்துச் சக்கரத்துக்குக் கொடுக்கும் மோட்டரே நமக்கு உகந்தது.

இன்னொன்று, இதைக் கட்டாயம் கவனியுங்கள். உங்கள் வீடு மேலே, டவுன் கீழே. இரவெல்லாம் சார்ஜ் செய்து நிரம்பிய பெட்டரியோடு காலையில் இறங்குகிறீர்கள். மோட்டரையே பிரேக்காகப் பயன்படுத்தும் கன்ட்ரோலராக இருந்தால், அதில் பிறக்கும் மின்சாரத்தை ஏற்கப் பெட்டரியில் இடமிருக்காது, பி.எம்.எஸ். துண்டித்தவுடன் அந்தப் பிரேக் சொல்லாமல் கொள்ளாமல் போய்விடும். எனவே வழக்கமாக 90 சதவீதத்தில் சார்ஜை நிறுத்துங்கள். கலங்கள் சமநிலைப்பட இடையிடையே முழுவதும் ஏற்ற வேண்டும். அதை வண்டி எடுக்காத நாளில் செய்யுங்கள். இறக்கத்தில் திரும்பக் கிடைக்கும் மின்சாரம் உங்கள் பாதையில் 50, 60 வோட்-மணியைத் தாண்டாது. அதை நம்பிப் பெட்டரியைச் சிறிதாக்க வேண்டாம். மோட்டர் பிரேக் இல்லாமலேயே முழுச் சுமையையும் நிறுத்தக்கூடிய இயந்திரப் பிரேக் மூன்று சக்கரங்களிலும் இருக்க வேண்டும். பொது வீதியில் ஓட்டப் பதிவும் காப்புறுதியும் தேவைப்படுவதால், மேலும் செலவழிப்பதற்கு முன் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: வீட்டு இன்வேர்ட்டரிலிருந்து கழற்றிய 12 வோல்ட், 100 அம்பியர்-மணி ஈய அமில பெட்டரிகள் நான்கு சும்மா கிடக்கின்றன. அவற்றை வண்டிக்குப் பயன்படுத்தலாமா?
– வாசகி, பண்டாரவளை

பதில்: மோட்டரையும் கன்ட்ரோலரையும் வாசலில் வைத்துச் சோதிக்கப் பயன்படுத்துங்கள், ரோட்டுக்கு வேண்டாம். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 30 கிலோ என்பதால் நான்கும் சேர்ந்து 120 கிலோ, ஏறக்குறைய இரண்டு ஆட்களின் எடை. அதில் எழுதியிருக்கும் 100 அம்பியர்-மணி, 20 மணித்தியாலங்களில் மெதுவாக இறக்கினால் கிடைக்கும் அளவு. மேட்டில் 40 அம்பியர் இழுக்கும்போது அது வெகுவாகக் குறையும். பாதிக்குக் கீழே அடிக்கடி இறக்கினால் பெட்டரி சீக்கிரம் கெட்டுவிடும்.

கேள்வி: நாங்கள் லயத்தில் இருக்கிறோம். உருண்டை முனை 5 அம்பியர் பிளக் மட்டுமே உண்டு. அதில் 60 அம்பியர்-மணிப் பெட்டரியை சார்ஜ் செய்ய முடியுமா?
– வாசகர், நுவரெலியா

பதில்: முடியும். 10 அம்பியர் சார்ஜர் சுவரிலிருந்து ஏறத்தாழ 650 வோட் எடுக்கும். 230 வோல்ட்டில் அது 3 அம்பியருக்கும் குறைவு. தலவாக்கலை வாசகரைப் போல் நாளுக்கு 800 வோட்-மணி செலவழித்தால் இரண்டு மணித்தியாலத்துக்குள் திரும்ப ஏறிவிடும். சார்ஜரில் ஆகும் இழப்பையும் சேர்த்தால் மீற்றரில் ஒரு யூனிட் அளவு கூடும். மாதத்தில் 25 நாள் ஓடினால் 25 யூனிட். வீட்டு மின்கட்டணம் படிப்படியாக உயர்வதால், இந்த 25 யூனிட் உங்களை அடுத்த படிக்குத் தள்ளுமா என்று சென்ற மாத பில்லை எடுத்துப் பாருங்கள்.

எனக்குக் கவலை தருவது பழைய வயரிங்தான். அரை மணித்தியாலம் சார்ஜ் செய்தபின் சுவிட்சை அணைத்துப் பிளக்கைக் கழற்றி, முனைகளைத் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடு என்றால் பிளக் பொயின்றை மாற்றும் வரை சார்ஜ் செய்யாதீர்கள். எர்த் இணைப்பும் ட்ரிப் சுவிட்சும் வேலை செய்கின்றனவா என்று மின்பணியாளரைக் கொண்டு பார்க்க வேண்டும். பிள்ளைகள் தூங்கும் அறைக்குள்ளோ வாசல் வழியை மறித்தோ சார்ஜ் செய்யாமல், சாரல் அடிக்காத இஸ்தோப்பு மூலையில் வைத்து, விழித்திருக்கும் நேரத்தில் செய்யுங்கள்.

ஜனவரி, பெப்ரவரி மாதங்களில் உங்கள் பகுதியில் உறைபனி விழும் விடியற்காலைகள் உண்டு. பூச்சியம் பாகைக்குக் கீழே லித்தியம் பெட்டரியை சார்ஜ் செய்தால் கலங்களுக்குள் லித்தியம் உலோகமாகப் படிந்து, திருத்த முடியாதபடி கெட்டுவிடும். அந்த மாதங்களில் மாலை வந்தவுடன், ஓடிய சூடு ஆறுவதற்குள் சார்ஜரை மாட்டிவிடுங்கள்.